மடி முதல் சிப்பம் வரை: சேலம், நாமக்கல் சமவெளியின் பைச் சொற்கள்

அம்மாயி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே இருக்கும் அந்த வீட்டின் அட்டாலியைக் காலி செய்தோம். உறவினர் நாலைந்து பேர் கீழே நின்று வாங்க, மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தது. மூங்கிலில் முடைந்த கூடை ஒன்று, பனையோலைப் பெட்டிகள் இரண்டு, நிறம் மங்கிய ஒயர்க்கூடை, மடித்து வைத்த சாக்குகள், கல்யாண வீட்டு மஞ்சப்பைகள் ஒரு கட்டு, கடைசியாக வெற்றிலைக்கறை படிந்த சுருக்குப்பை. பக்கத்தில் நின்ற என் அக்காள் மகள் ஒவ்வொன்றையும் எடுத்து “இதுக்கு என்ன பேரு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு வேலையாக இருந்தார்கள். “அதெல்லாம் பை, கூடை... அப்படிப் போடு” என்று யாரோ சொன்னார்கள். அம்மாயி இருந்திருந்தால் அந்தப் பதிலை ஏற்றிருக்கமாட்டாள். மூங்கில் கூடையைக் கூடை என்று சொன்னால் அவளுக்குப் புரியாது. “மக்கிரியக் கொண்டா கண்ணு” என்பதுதான் அவள் பேச்சு.

அன்று ஏற்பட்ட உறுத்தலே இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஒரு நிலப்பகுதியின் மக்கள் எதை எதில் சுமந்தார்கள் என்ற கேள்விக்கு வரலாற்று நூல்கள் பெரும்பாலும் விடை சொல்வதில்லை. விளைந்தது என்ன, விலை என்ன, வரி என்ன என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. சுமந்த பையைப் பற்றிச் சொல்ல அந்தப் பையின் பெயர் ஒன்றே மிஞ்சியிருக்கிறது. ஆகவே பெயர்களின் வழியாகவே போய்ப் பார்க்கலாம்.

முதலில் ‘பை’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழந்தமிழில் பாம்பின் படத்துக்கும் பை என்று பெயர். பசுமைக்கும் பை என்று பெயர். கொள்கலனாகிய பையும் அப்போதே வழக்கில் இருந்தது. அதற்கான சான்று நம் பகுதியிலிருந்தே கிடைப்பது மகிழ்ச்சிக்குரியது. புறநானூற்றின் 206ஆம் பாடலில், அதியமான் நெடுமான் அஞ்சியின் வாயிலில் காக்கவைக்கப்பட்ட ஔவையார், வாயிற்காவலனிடம் தாம் புறப்படத் தயாராகிவிட்டதைச் சொல்கிறார். அங்கே ‘கலப்பை’ என்ற சொல் வருகிறது. முதல்முறை படிக்கும் மாணவர்கள் ஏர்க் கலப்பை என்று எண்ணி மயங்குவார்கள். அது கலம் வைக்கும் பை. யாழும் முழவும் முதலிய இசைக்கருவிகளைக் கட்டிச் சுமக்கும் பை. மலைபடுகடாத்திலும் கூத்தர்களின் கலப்பை பேசப்படுகிறது. அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. 1965இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அது சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. பரிசில் தராமல் காலம் நீட்டித்த வள்ளலின் வாசலில், தன்மானமுள்ள புலவர் ஒருவர் பையைச் சுருக்கிக் கட்டும் அந்தக் காட்சியை, பையின் வரலாற்றுக்குத் தொடக்கமாகக் கொள்வதில் தவறில்லை.

இடைக்காலத்துக்கு வந்தால், பை வணிகர்களின் தோளில் இருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரும் வணிகக் குழுவின் கல்வெட்டுகளிலும் அவற்றோடு செதுக்கப்பட்ட சின்னங்களிலும் ‘பசும்பை’ என்ற பணப்பை முக்கிய இடம் பெறுகிறது. கன்னடக் கல்வெட்டுகளில் இதே சொல் ‘பசும்பெ’ என்றும், பிற்காலத்தில் ‘ஹசும்பெ’ என்றும் வழங்குகிறது. பழைய கன்னடத்தின் பகர முதல் சொற்கள் பிற்காலத்தில் ஹகர முதலாக மாறியதை நாம் அறிவோம். ‘பாலு’ ‘ஹாலு’ ஆனதும், ‘பள்ளி’ ‘ஹள்ளி’ ஆனதும் அப்படித்தான். தமிழ் அகராதிகளில் வழிப்போக்கரின் பை என்ற பொருளில் ‘அசம்பி’, ‘அசம்பை’ என்ற சொற்கள் காணப்படுகின்றன. ஹசும்பெ தன் ஹகரத்தையும் இழந்து அசம்பையாகித் தமிழுக்குள் வந்தது என்று கொள்ள நிறைய இடமுண்டு. பசும்பையாக இங்கே இருந்த ஒரு சொல், எல்லைக்கு அப்பால் தேய்ந்து, அடையாளம் மாறி, அயலார்போலத் திரும்பி வந்திருக்கிறது.

இத்தகைய பயணத்துக்குச் சேலம் சமவெளி நல்ல வழித்தடம். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறும்வரை பாராமகாலும் சேலமும் மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தன. கன்னடமும் தெலுங்கும் பேசும் குடிகள் நெடுங்காலமாக இங்கே வாழ்கின்றனர். அம்மாயியின் மக்கிரிக்குக் கன்னடத்தில் ‘மக்கரி’, ‘மங்கரி’ என்ற நெருங்கிய உறவுகள் உண்டு. எருவும் மண்ணும் சுமந்த அந்த மூங்கில் கூடைக்குத் தஞ்சைப் பக்கத்தில் இப்பெயர் சொன்னால் விளங்குவது அரிது. ஓசூரைத் தாண்டினால் விளங்கும். மாவட்ட எல்லைகளும் மாநில எல்லைகளும் சொற்களைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதற்கு ஒரு கூடை போதும்.

வெற்றிலைப் பையின் கதையும் இப்படியே. ‘அடை’ என்றால் இலை, குறிப்பாக வெற்றிலை. வெற்றிலை வைக்கும் பை ‘அடைப்பை’. அரசர்களுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் பணியாளர் அடைப்பைக்காரர். இதுவே அடைப்பம், அடப்பம் என்றாகி, ஒருபுறம் அரண்மனைப் பதவியின் பெயராகவும் மறுபுறம் ஊர் நாவிதரின் கருவிப் பையின் பெயராகவும் நின்றது. ஒரே சொல் அரசனின் அருகிலும் ஊர்க்கோடியிலும் இருந்திருக்கிறது. அடைப்பை மறைந்த பிறகும் அதன் வேலையைச் செய்துவந்தது பாட்டிமார்களின் சுருக்குப்பை. இரண்டு கயிறுகளை எதிரெதிராக இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும் அந்தப் பையில் அறைகள் வேறு. ஒன்றில் பாக்கு, ஒன்றில் சுண்ணாம்பு டப்பி, உள்ளறையில் காசு. இடுப்பில் செருகிய அது, ஒரு பெண்ணுக்குக் கணவனிடமோ மகனிடமோ கேட்காமல் செலவழிக்கக் கிடைத்த பணத்தின் இருப்பிடம். “மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்” என்ற பழமொழியின் மடியும் உடையையே பையாக்கிக்கொண்ட வழக்கம்தான். வேட்டியின் மடி, சேலையின் முந்தி, மடிச்சீலை என்பவையெல்லாம் தனியே ஒரு பை தைத்துக்கொள்வதற்கு முந்தைய நிலையைக் காட்டும் சொற்கள். புலவர்களுக்கு அரசர் தந்த ‘பொற்கிழி’யிலும் கிழி என்பது கிழித்தெடுத்த துணிதான்.

வெற்றிலையைப் பற்றிப் பேசும்போது பரமத்தி வேலூரை விடமுடியாது. காவிரிக் கரையின் கொடிக்கால்களிலிருந்து வரும் வெற்றிலை அங்கே ஏலம் போகிறது. 100 இலை கொண்டது ஒரு கவுளி. 104 கவுளி கொண்டது ஒரு சுமை. ‘சுமை’ என்பது இங்கே வெறும் பாரம் அல்ல, எண்ணிக்கை உறுதியான ஓர் அலகு. கவுளியின் பழைய வடிவம் கவளி. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் முத்தநாதன் மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வாளை மறைத்துக் கொண்டுவந்தது புத்தகக் கவளியில். இலைக்கட்டும் ஏட்டுக்கட்டும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டிருந்தன. புத்தகத்தைவிட்டு அந்தச் சொல் போய்விட்டது. வெற்றிலையைவிட்டு இன்னும் போகவில்லை. வேலூர் ஏல மையத்தில் பேசுகிறவர்கள் தம்மையறியாமலேயே 12ஆம் நூற்றாண்டின் தமிழைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது சாக்கு, கோணி, மூட்டை என்ற மூன்று சொற்கள். இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்வது நம் வழக்கம். மூன்றுக்கும் மூன்று வேறு பிறப்பிடங்கள். ‘கோணி’ வடமொழியில் மிகப் பழைய சொல்; பாணினியின் இலக்கணத்திலேயே கொள்கலனின் பெயராக இடம் பெறுகிறது. இந்திய மொழிகளின் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அங்கே ‘கன்னி’ என்று ஆயிற்று. ‘சாக்கு’ எதிர்த்திசையில் வந்தது. கிரேக்கமும் ஹீப்ருவும் அறிந்திருந்த ஒரு மத்தியதரைக்கடல் சொல், ஐரோப்பிய வணிகர்களின் வாய்வழியே நம் துறைமுகங்களில் இறங்கி உள்நாட்டுக்கு வந்திருக்கிறது. ஆக, நாம் அவர்களுக்குக் கோணியைக் கொடுத்துவிட்டு அவர்களிடமிருந்து சாக்கை வாங்கிக்கொண்டோம். ‘மூட்டை’ மட்டும் வீட்டுச் சொல். மூட்டுதல் என்றால் இணைத்துத் தைத்தல். வாயைக் கோணி ஊசியால் தைத்து மூட்டிய பிறகுதான் அது மூட்டை. அதுவரை அது வெறும் சாக்கு.

இந்தச் சாக்கு எதனால் ஆனது என்பதில்தான் வரலாற்றின் பெரிய திருப்பம் இருக்கிறது. இன்று சணல் என்றால் வங்காளத்துச் சணல் என்றே பொருள் கொள்கிறோம். பழைய காலத்தில் சணல், சணப்பு என்றவை மஞ்சள் பூப்பூக்கும் வேறொரு செடியைக் குறித்தன. இன்றும் நம் விவசாயிகள் பசுந்தாள் உரத்துக்காக விதைத்து மடக்கி உழும் சணப்பு அதுவே. அதன் நாரைத் திரித்துக் கையால் நெய்தவையே அன்றைய கோணிகள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில், ஜனப்பர் என்ற பிரிவினரின் பெயர்க் காரணமாக இந்தச் சணப்பு நாரும் அதில் அவர்கள் செய்த கோணிப்பைகளும் சொல்லப்படுகின்றன. ஒரு தொழில் ஒரு மக்கள் கூட்டத்துக்கே பெயராகும் அளவுக்கு அன்று கோணி நெசவு நிலைபெற்றிருந்தது.

1855இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் இந்தியாவின் முதல் சணல் ஆலை தோன்றியது. 1860களின் தொடக்கத்தில் சேலத்தின் வழியே ரயில் ஓடத் தொடங்கியது. மலிவான ஆலைச் சாக்கு வரவும், பொதிமாடுகளின் இடத்தை ரயில் பிடிக்கவும் வழி பிறந்தது. அதுவரை சரக்கின் அலகு ‘பொதி’. எருதின் முதுகில் இருபுறமும் எடை சமமாகத் தொங்கவேண்டும் என்பதால் பொதி எப்போதும் இரட்டையாகவே இருக்கும். வண்டிக்கும் ரயிலுக்கும் அந்தச் சமநிலை தேவையில்லை. பொதி போய் மூட்டை வந்தது. சணப்பு நாரின் பெயரையும் வங்கத்துச் சணல் எடுத்துக்கொண்டது. பொருள் மாறிப் பெயர் தங்கிவிடும்போது, மாற்றம் நிகழ்ந்ததே பின்வருபவர்களுக்குத் தெரியாமல் போகிறது. கோணி நெய்தவர்களின் கைத்தொழில் அழிந்ததை நாம் உணராமலிருக்க இந்தப் பெயர் மாற்றமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சாக்கு வந்த பிறகு அதற்குப் புதிய பயன்களும் புதிய பெயர்களும் பிறந்தன. மழையில் ஆடு மேய்ப்பவர்கள் சாக்கின் அடிமூலை ஒன்றை மற்றொரு மூலைக்குள் செருகித் தலையில் மாட்டிக்கொண்டால் அது கொங்காடை. தலையும் முதுகும் நனையாது. மழை விட்டதும் உதறினால் மறுபடியும் சாக்கு. அப்புச்சி பண்டங்கட்டுக்குப் போகும்போது கொங்காடையாகக் கொண்டுபோன சாக்கில் திரும்பி வரும்போது புல் அறுத்துக் கொண்டுவருவார். பொருள் ஒன்று, பெயர் இரண்டு. போகும்போது ஒரு சொல், வரும்போது ஒரு சொல்.

இன்று இச்சமவெளியின் வணிகத்தில் உயிரோடு இருக்கும் சொல் ‘சிப்பம்’. பிலிக்கல்பாளையம் வெல்ல ஏலத்தில் 30 கிலோ கொண்டது ஒரு சிப்பம். மளிகைக்கடையில் அரிசிச் சிப்பம் என்றால் 25 கிலோ. ஜவ்வரிசிக்கு வந்தால் 90 கிலோ மூட்டை. எந்தச் சரக்கு என்று தெரியாமல் சிப்பத்தின் எடையைச் சொல்ல முடியாது. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் பொதுவான ஓர் அறிவு தேவை. வட்டார வழக்கு என்பதே இத்தகைய பொது அறிவுதான். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, பெயரிட்டுக் கட்டிய அரிசிப் பைகளுக்கு 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. அதன்பின் 26 கிலோ பைகள் சந்தைக்கு வந்தன. கடைக்காரர் அதையும் சிப்பம் என்றே சொன்னார். சட்டம் எடையை மாற்றியது. சொல் தன் வயிற்றைச் சற்றே பெரிதாக்கிக்கொண்டு அதையும் உள்ளே வாங்கிக்கொண்டது.

பெண்கள் கையில் இருந்த பைகளின் வரிசை வேறு. பனை மிகுந்த இந்த மேட்டுநிலத்தில் ஓலைப்பெட்டி வீட்டுக்கு வீடு இருந்தது. பிறகு ஞெகிழி ஒயரில் பின்னிய கூடை வந்தது. சிவன்கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று அதன் முடிச்சுகளுக்குப் பெண்களே பெயர் வைத்தார்கள். இப்பெயர்களை எந்தப் பேராசிரியரும் உருவாக்கவில்லை. மதிய நேரத்துத் திண்ணையில், ஒருத்தி பின்ன மற்றொருத்தி பார்த்துக் கற்றுக்கொள்ளும்போது உருவானவை. யாழ்ப்பாணத்தில் ஓலைப்பைக்கு ‘உமல்’ என்று பெயர். அங்கே போர்க்காலத்தில் வீட்டைவிட்டுப் புறப்பட்டவர்கள் எதில் எதை எடுத்துச் சென்றார்கள் என்று அவர்களின் நினைவுகளைக் கேட்டால், பையின் பெயர் அந்த நினைவில் கட்டாயம் வரும். சுமந்த பொருளை மறந்தவர்களும் சுமந்த பையை மறப்பதில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு நெருக்கமான பை ஜோல்னாப்பை. ‘ஜோலா’ என்ற வடநாட்டுச் சொல்லின் உறவு இது. இரவலரின் பைக்குச் சோளிகை என்று தமிழில் முன்பே ஒரு பெயர் உண்டு. துறவியின் தோளிலிருந்து காந்தியத் தொண்டரின் தோளுக்கும், அவரிடமிருந்து சிற்றிதழ் எழுத்தாளரின் தோளுக்கும் அது இடம் மாறியது. ராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியபோது, கதர் இப்பகுதியின் அன்றாடப் பொருள்களில் ஒன்றாயிற்று. கைப்பணம் இல்லாதவனின் அடையாளமான பை, பணத்தை வேண்டாதவனின் அடையாளமாகிக் கௌரவம் பெற்றது.

மஞ்சப்பைக்கு அந்தக் கௌரவம் கிடைக்கவில்லை. விசைத்தறிக் காடாத் துணியில் தைத்து, மங்கலத்துக்காக மஞ்சள் நிறம் ஏற்றி, கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த பை அது. ‘மஞ்சப்பை’ என்று ஒருவரை அழைத்தால் பட்டிக்காட்டான் என்று பொருள். நான் சென்னையில் படிக்கப் போன முதல் வாரம், விடுதியில் என் சான்றிதழ்கள் இருந்த மஞ்சப்பையைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று மாலையே ஒரு ரெக்சின் பை வாங்கினேன். மஞ்சப்பையை என்ன செய்தேன் என்று நினைவில்லை. அதுதான் இப்போது வருத்தம் தருகிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் ஞெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை மாநில அரசு தொடங்கியது. இழிசொல்லாக இருந்தது அரசின் முழக்கமாயிற்று. மகிழ்ச்சிதான். ஆயினும் மக்கிரி, கொங்காடை, அடைப்பம், உமல் ஆகியவற்றுக்கு எந்த இயக்கமும் வராது. அவை மீளப்போகும் பொருள்கள் அல்ல. அவற்றைப் பதிவு செய்யலாம், அவ்வளவே.

அந்தப் பதிவு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. தர்ஸ்டனின் நூல் வெளிவந்த அதே 1909இல் ஜெர்மனியில் ‘சொற்களும் பொருள்களும்’ என்ற பெயரில் ஓர் ஆய்விதழ் தொடங்கியது. பொருளைப் பார்க்காமல் சொல்லின் வரலாற்றை எழுத முடியாது என்பது ருடால்ஃப் மெரிங்கர் முதலிய அந்த மொழியியலாளர்களின் கொள்கை. அவ்வழியில் வந்தவர்கள் இத்தாலியின் சிற்றூர்களில் கூடைகளையும் ஏர்களையும் படம் பிடித்தே சொற்களைத் தொகுத்தார்கள். தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி உழவுத்தொழில் சொற்களின் தொகுப்பை 1962இல் வெளியிட்டார். தமிழில் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்கும், பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரத்துக்கும் சொல்லகராதி தந்தார்கள். பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டியதை எழுத்தாளர்கள் தனியாளாக நின்று செய்தார்கள். அவர்கள் தொடங்கியதைப் படத்தோடும் அளவோடும் பின்னல் முறையோடும் தொடரவேண்டிய பொறுப்பு நம்முடையது. ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

அட்டாலியிலிருந்து இறங்கியவற்றில் பெரும்பகுதி பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. மக்கிரியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடிப்பகுதி செல்லரித்திருக்கிறது, எதையும் சுமக்காது. சுருக்குப்பையை அக்காள் மகள் எடுத்துக்கொண்டாள். அதன் உள்ளறையில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றும் காய்ந்த பாக்குத் துண்டு ஒன்றும் இருந்தன. சென்ற வாரம் தொலைபேசியில், பள்ளியில் தோழிகளிடம் அந்தப் பையைக் காட்டியதாகச் சொன்னாள். பை என்றுதான் சொன்னாயா என்று கேட்டேன். “இல்லீங் மாமா, சுருக்குப்பைன்னு சொன்னேன். எப்படிச் சுருக்கறதுன்னும் காட்டுனேன்” என்றாள்.